பதின்மூன்றாவது தாள்

வடிவம்மா அக்கா இறந்த செய்தி காலை பத்தேகாலுக்கு எங்கள் நூலகத்துக்கு வந்தது. ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டிக்கு வந்து, முப்பது ஆண்டுகள் எங்களுக்குப் புத்தகம் கட்டியவர். அட்டையின் உட்புறம் ஒட்டும் வண்ண அலைத்தாளையும் அவரே செய்வார். ஆறிய வெந்தயக் கஞ்சியின்மேல் சாயம் தெளித்து, சீப்பால் கீறி, தாளைப் படியவைத்து எடுப்பார். சாயம் அமிழாமல் பரவ மாட்டுப் பித்தம் வேண்டும். இறைச்சியே தொடாதவர், அதற்காக இறைச்சிக்கடைக்குப் போவார்.

“என்ன அக்கா, இன்டைக்கும் பித்தம் மட்டுந்தானா?” என்பார் கடைக்கார நானா.

“திங்க வரல நானா. புஸ்தகத்துக்குத் தீனி வாங்க வந்தேன்.”

கடைசியாக, இரண்டு பாக அகராதியொன்றில் கறையான் அரித்த முதல் பாகத்தைக் கொடுத்தோம். இரண்டாம் பாகத்திலுள்ள அலை மறுபடி வராது, வெள்ளைத்தாளே போதும் என்றார் எங்கள் அதிகாரி.

“வரும் சார்” என்றார் அக்கா.

பன்னிரண்டு தாள்கள் வீணாயின. பதின்மூன்றாவதைப் பழையதன் பக்கத்தில் வைத்ததும், எது புதிது என்று அதிகாரி கேட்டார்.

முன்னட்டைக்கும் பின்னட்டைக்கும் ஒரே தாளை இரண்டாக வெட்டுவது அக்காவின் வழக்கம். முன்பாதியை ஒட்டிவிட்டார். பின்பாதி அளவாக வெட்டியபடி அவர் மேசையில் இருக்கிறது. அதற்கு இன்னும் பசை தடவவில்லை.