இடப்பக்கத்து ஸ்பீக்கர்

கடலூர் சிப்காட்டில், காதைப் பிளக்கும் கம்ப்ரசர் அறையில் பல வருஷம் வேலை பார்த்த பிறகுதான் ஹோம் தியேட்டர் வாங்கினேன். வலப்பக்கம் புதிய நாலு ஓம் ஸ்பீக்கர், இடப்பக்கம் பழைய எட்டு ஓம். இடப்பக்கம் சத்தம் குறைவாகவே கேட்டது. ஓம், அதாவது மின்தடை, கூடினால் சத்தம் குறையத்தான் செய்யும் என்று, ரிசீவரில் அந்தப் பக்கத்துச் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனேன்.

“போதுங்க, அந்தப் பக்கம் காது கிழியுது” என்றாள் மனைவி.

“ஒனக்கு என்னா தெரியும்?” என்று எரிந்து விழுந்தேன்.

அவளுக்கு நிரூபிக்க, இரண்டு பக்கத்தையும் ஒரே அளவில் வைத்து, ஸ்பீக்கர்களை இடம் மாற்றினேன். எட்டு ஓம் போன வலப்பக்கம்தான் இனி குறைய வேண்டும். ஆனால் நாலு ஓம் ஸ்பீக்கரும் இடப்பக்கம் போனதும் மந்தமாகிவிட்டது.

இடது காதைப் பொத்திப் பார்த்தேன். எதுவும் மாறவில்லை.

ரிமோட்டைக் கீழே வைத்தேன். என் இடப்பக்கம் இருந்த அவள் எழுந்து, வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள்.