அன்று வண்டி ஓட்டியது நான்

என் சிநேகிதி ஷீபா பிழைக்க வேண்டும் என்று ஆறு நாள் ஜெபித்தேன். அவள் பிழைக்கவில்லை. ஏழாம் நாள் அவளை அடக்கம் செய்தார்கள். காலில் கட்டுப் போட்டிருந்ததால் என்னால் கல்லறைக்குக்கூடப் போக முடியவில்லை. அப்படியானால் எந்த ஜெபம் கேட்கப்பட்டது, இவள் எதற்குச் சாட்சி சொல்ல வந்தாள் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கே வெகுநாள் அப்படித்தான் தோன்றியது. ஆண்டவருக்குள் அன்பானவர்களே, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

என் பெயர் சுகந்தி. ஊர் பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் லைட்ஹவுஸ் குப்பம். நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா பைபர் படகில் கடலுக்குப் போகிறவர். நானும் ஷீபாவும் சின்ன வயதிலிருந்து ஒரே பள்ளிக்கூடம், ஒரே சபை. படிப்பு முடிந்து ஒரே கம்பெனியில் வேலைக்கும் சேர்ந்தோம். ஷீபாவுக்கு அப்பா இல்லை. அவளுடைய அம்மா கன்னியம்மா அத்தை கடற்கரையில் மீன் காயவைத்து, விற்று, அவளை ஆளாக்கினார். அத்தைக்கு அவள் ஒரே பிள்ளை.

கம்பெனி வேன் திருப்பாலைவனம் வரைக்கும்தான் வரும். காலை ஆறரைக்கு நாங்கள் அங்கே நிற்க வேண்டும். பஸ்ஸை நம்ப முடியாது. இரண்டு முறை வேனைத் தவறவிட்டோம். இன்னொரு முறை இப்படி ஆனால் வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அப்போதுதான் ஷீபா, ஆரம்பாக்கத்தில் இருந்த அவள் மாமா மகனிடமிருந்து ஒரு பழைய பைக்கை வாங்கிக்கொண்டு வந்தாள். ஸ்கூட்டி இல்லை, பைக். குப்பத்தில் பெண்பிள்ளைகள் யாரும் அதுவரை பைக் ஓட்டியதில்லை. அத்தை ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. ஷீபா அசரவில்லை. லைசென்ஸ் எடுத்தாள். ஹெல்மெட் வாங்கினாள். எல்லோரும் பார்க்கத்தான் ஓட்டினாள்.

நான் அப்படி இல்லை. எங்கள் வீட்டில் பேச்சை எடுத்தவுடனே நைனா கையை நீட்டிச் சொல்லிவிட்டார்.

"பின்னாடி ஒக்காந்து போறியா, போ. அதுவே எனக்குப் புடிக்கல. ஓட்ற வேலயெல்லாம் வேணாம். கடல்ல ஒருத்தன் வுழுந்தா ஊரே படகு எடுத்துக்கினு தேடும். ரோட்ல வுழுந்தா யாரு நின்னு பாப்பாங்க?"

நான் சரி என்று தலையாட்டினேன். ஆனால் கோடையில் ஏரி வற்றித் தரை காய்ந்து கிடந்தபோது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், வாலிபர் கூட்டம் இருக்கிறது என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, ஷீபாவோடு அங்கே போய் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஜெபக் கூட்டத்தின் பேரைச் சொல்லி அந்தப் பொய்யைச் சொன்னேன். அதையும் இங்கே அறிக்கை செய்கிறேன்.

அந்தச் சந்தோஷத்தை மறைக்கவும் எனக்கு மனமில்லை. வெடித்த தரைமேல் வண்டி குதித்துக் குதித்து ஓடும். தூரத்தில் நாரைகள் எழும்பும். ஷீபா பின்னால் உட்கார்ந்து, "கிளட்ச்ச வுடுடி, பயந்தாங்கொள்ளி" என்று என் முதுகில் அடிப்பாள். யாரும் என்னை அழைத்துப் போகாமல், நானே ஓர் இடத்துக்குப் போகிறேன் என்ற உணர்வு எனக்கு அப்போதுதான் முதன்முதலாக வந்தது. அதைப் பாவம் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. மறைத்ததுதான் பாவம். மறைத்ததால் நான் லைசென்ஸ் எடுக்கவில்லை. மறைத்ததால் எனக்கென்று ஒரு ஹெல்மெட் வாங்கவில்லை. வாங்கினால் வீட்டில் தெரிந்துவிடுமே.

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதம், ஒரு வியாழக்கிழமை. விடியற்காலையில் மழை தூறி நின்றிருந்தது. முந்தின நாள் முழுக்க அத்தையோடு கருவாட்டு மூட்டை கட்டியதில் ஷீபாவுக்குத் தோள் வலி. பழவேற்காடு தாண்டியதும் வண்டியை நிறுத்தினாள். "நீ ஓட்டு. கை வலிக்குது" என்றாள். தன் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் மாட்டினாள். நான் வேண்டாம் என்றேன். "ஓட்றவதான் போட்டுக்கணும்" என்று சொல்லி, அவளே வாரை மாட்டிவிட்டாள்.

திருப்பாலைவனத்துக்குச் சற்று முன்னால், வயலிலிருந்து ரோட்டில் ஏறிய ஏதோ ஒரு டிராக்டர் சேற்றை உதிர்த்துவிட்டுப் போயிருந்தது. ஈரத்தில் அது தெரியவில்லை. பிரேக்கை அழுத்தினேன். வண்டி ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டே போனது. எனக்கு இடுப்புக்குக் கீழே எல்லாம் எரிந்தது. ஷீபா மதகுச் சுவர் ஓரமாகக் கிடந்தாள். தூங்குகிறவளைப் போலத்தான் கிடந்தாள்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் எனக்குக் கட்டுப் போட்டார்கள். ஷீபாவைச் சென்னைக்கு அனுப்பினார்கள். நைனா கடலிலிருந்து வந்த ஈர லுங்கியோடு ஓடிவந்து நின்றார். ஒரு போலீஸ்காரர் என் கட்டிலுக்கு வந்து, "வண்டிய யாரும்மா ஓட்னது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நைனா சொன்னார்: "ஷீபாதான் சார். வண்டியும் அதோடதுதான். என் பொண்ணுக்கு வண்டி ஓட்டவே தெரியாது சார்."

என் நைனா பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொன்னார். போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். பிறகு யார் கேட்டாலும் எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை என்று சொன்னேன். ஷீபா எழுந்ததும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் எழுந்துவிட வேண்டும் என்று அந்த ஆறு நாளும் கட்டிலில் படுத்தபடி கதறினேன். அவளுக்காகக் கதறினேனா, எனக்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவள் போன பிறகு ஊர் பேசத் தொடங்கியது. அடங்காத பெண், அம்மா பேச்சைக் கேட்காத பெண், தானும் போய்க் கூட வந்தவளின் காலையும் ஒடித்துவிட்டாள் என்றார்கள். என் அம்மாவின் காதுபடவே அப்படிப் பேசினார்கள். அம்மாவும் தலையாட்டினார்.

அடக்கம் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். கன்னியம்மா அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். நண்டு ரசம் வைத்து, தூக்குவாளியில் ஊற்றிக் கொண்டுவந்திருந்தார். எலும்பு சீக்கிரம் கூடும் என்றார். என் காலடியில் தரையில் உட்கார்ந்து, கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையைக் கூப்பினார்.

"என் பொண்ணால உனக்கு இந்தக் கதி வந்துச்சு. அவளுக்காக நான் கேக்கறேன். மன்னிச்சுடு கண்ணு."

அந்த ரசத்தை நான் குடித்தேன். மன்னித்தேன் என்றும் சொன்னேன். சொன்னேன், அன்பானவர்களே. இந்த வாயால் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஜெபிக்க முடியவில்லை. முழங்கால் போடமுடியாதபடி கால் இருந்தது நல்லதாகப் போயிற்று, யாரும் கேட்கவில்லை. சபையில் அத்தை எப்போதும் முன்னால் உட்கார்ந்து உரக்கப் பாடுகிறவர். இப்போது கதவோரம் குனிந்து உட்கார்ந்தார். பாட்டு நின்றுவிட்டது. நான் கம்பு ஊன்றி உள்ளே வரும்போதெல்லாம், எழுந்து எனக்கு நாற்காலி எடுத்துப் போடுவார். ஒவ்வொரு ஞாயிறும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு இருந்தது ஒரே ஒரு ஜெபம்தான்: ஆண்டவரே, என் வாயைத் திறந்துவிடும். திறக்க வேண்டாமென்றால், என்னையும் எடுத்துக்கொள்ளும். வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை. ஐந்து மாதம் இதையே கேட்டேன். வானம் பூட்டிக் கிடந்தது.

பிறகு ஒருநாள் பாஸ்டர் ஐயா என்னிடம், "வர்ற ஞாயித்துக்கெழம நீ சாட்சி சொல்லும்மா. ஆண்டவர் உன்னக் காப்பாத்துனதச் சொல்லு" என்றார். முடியாது என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம், என்னை யாரோ எழுப்பி நடத்தியதைப் போலக் கம்பை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தேன். வெயில் கொளுத்தியது. அத்தை வலை விரித்த மணலில் நெத்திலியைப் புரட்டிக்கொண்டிருந்தார். போய் நின்றேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. திரும்பிவிடலாம் என்று காலை எடுத்தேன்.

அத்தையே முதலில் பேசினார்.

"நாளிக்கு நீ சாட்சி சொல்லப் போறியாமே. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் கண்ணு. எல்லார் முன்னாடியும் என் பொண்ணு பேர மட்டும் கெட்டதா சொல்லிடாத. அவ வேணும்னு பண்ணல."

என் வாய் திறந்தது. நான் திறக்கவில்லை. அது திறந்தது.

"அத்தே, வண்டி ஓட்னது அவ இல்ல. நானு."

எல்லாவற்றையும் சொன்னேன். ஏரியில் கற்றுக்கொண்டது, தோள் வலி, ஹெல்மெட், சேறு, போலீஸ்காரர், நான் மூடிக்கொண்ட கண். அத்தை மீனைப் புரட்டுவதை நிறுத்தவில்லை. கடைசி வரிசை வரைக்கும் புரட்டி முடித்தார். பிறகு என்னைப் பார்க்காமலே, "போ" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து நைனாவிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

அவர் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் சபைக்கு முன்னால் நின்று சொன்னேன். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. அத்தை வரவில்லை. திங்கட்கிழமை நைனாவே என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். "தப்பா சொன்னவன் நானு சார், எழுதிக்கோங்க" என்று அவரும் கைகட்டி நின்றார். வழக்கு இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடலுக்குப் போகாமல் என்னோடு வருகிறார். தீர்ப்பு எதுவானாலும் ஏற்றுக்கொள்வேன்.

நாலு மாதம் அத்தை சபைக்கும் வரவில்லை, என்னைக் கண்டால் தெரு மாறிப் போனார். உண்மையைச் சொல்லி ஏற்கனவே நொந்தவரை இன்னும் நோகடித்துவிட்டேனோ என்று அழுதேன். இதற்குத்தானா என் வாயைத் திறந்தீர் என்று ஆண்டவரோடு சண்டை போட்டேன்.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம், நான் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அத்தை வந்து நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நீதான ஓட்ன. அப்ப உனக்கு ஞாபகம் இருக்கும். ரோட்ல என் பொண்ணு இன்னா பேசிக்கினு வந்துச்சு? அத எனக்குச் சொல்லு."

ஒன்பது மாதமாக அந்தத் தாய்க்கு அதைச் சொல்ல உலகத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன். ஞாபகமில்லை என்ற பொய்யால் அதையும் அவரிடமிருந்து பறித்து வைத்திருந்தேன் என்பது எனக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. இருந்தது இருந்தபடி சொன்னேன். ஷீபா என் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு பேசியது இதுதான்:

"எங்கம்மா வாயால திட்டுதே தவிர, காலைல எந்திரிச்சி, உப்புக்காத்துல துரு புடிச்சிடும்னு இந்த வண்டிய முந்தானையால தொடைக்குதுடி. ஜன்னல் வழியா தினமும் பாக்கறேன். கேட்டா வெக்கப்படும்னு தெரியாத மாதிரி இருந்துக்கறேன்."

அத்தை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்துச்சா?" என்றார். "அது பாத்துச்சா?"

"தெனமும் பாத்துச்சு அத்தே."

இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். மூன்றாவது முறையும் கேட்டார். பிறகு கீரைமேலேயே உட்கார்ந்து, ஷீபா செத்த பிறகு நான் ஒருநாளும் பார்த்திராத மாதிரி அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தொடவில்லை. அவரும் தள்ளவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று அத்தை இன்றுவரை சொல்லவில்லை. நான் கேட்கவும் மாட்டேன். ஆனால் அவர் சபைக்கு வருகிறார். தலை நிமிர்ந்து வருகிறார். ஷீபாவின் பேரை ஊரில் யாரும் இப்போது கெட்டதாகச் சொல்வதில்லை. கேட்கப்படாமல் போனது என்று நான் நினைத்திருந்த ஜெபத்தின் பதில் இவ்வளவு பெரியதென்று எனக்குத் தெரியாமல் இருந்தது. என் சிநேகிதியைத் திருப்பித் தரும்படி கேட்டேன், அது கிடைக்கவில்லை. அவளுடைய நல்ல பேரை அவள் அம்மாவுக்குத் திருப்பிக் கொடுக்கும் பலத்தை ஆண்டவர் கொடுத்தார். அதற்காக அவருக்கு நன்றி சொல்கிறேன். அழுதுகொண்டேதான் சொல்கிறேன்.

நான் இனி வண்டி ஓட்டப்போவதில்லை. ஆனால் போன வருடம் என் தங்கை வண்டி கற்றுக்கொள்ளக் கேட்டபோது நைனா இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எனக்குப் புடிக்கல. புடிக்கலன்னா எனக்குத் தெரியாமப் போயிடுவீங்க. அதனால என் முன்னாடியே கத்துக்க." வற்றிய ஏரியில் அவள் வண்டிக்குப் பின்னால் அவர் மூச்சிரைக்க ஓடுவதைப் பார்த்து ஊரே சிரித்தது. அவர் கவலைப்படவில்லை.

வாலிபப் பிள்ளைகளே, அப்பா அம்மாவுக்குப் பிடிக்காத ஒன்றைச் செய்யத்தான் வேண்டுமென்றால் அவர்கள் முகத்துக்கு முன்னால் நின்று சண்டை போட்டுச் செய்யுங்கள். மறைத்துச் செய்யாதீர்கள். பெற்றவர்களே, உங்களிடம் உண்மை சொல்லப் பயப்படாத அளவுக்கு உங்கள் பிள்ளைகளுக்கு இடம் கொடுங்கள். யாருடைய தொண்டையிலாவது சொல்லாத வார்த்தை ஒன்று கல்லாகக் கிடந்தால், அதை இன்றைக்கே ஆண்டவரிடம் காட்டுங்கள். வாயைத் திறந்துவிடும் என்று மட்டும் கேளுங்கள். திறந்த பிறகு வலிக்கும். அதை மறைக்கமாட்டேன். ஆனால் அந்த வலியில் அவர் உங்களைத் தனியாக விடமாட்டார். என்னை விடவில்லை.