விட்டுவைத்த கண்டென்சர்

மாலாங் ஊரின் பழைய சாமான் சந்தையில் குஸ்னானிடம் அடி வாங்காதவர்கள் இரண்டே வகை: ரேடியோ பக்கமே போகாதவர்கள், வேகமாக ஓடத் தெரிந்தவர்கள். பழைய வால்வு ரேடியோக்களைச் சரிசெய்து பாட வைப்பது அவர் தொழில். வேலை சுத்தம். வாய் சுத்தமில்லை, கை அதைவிட மோசம். "பாட்டு வருதான்னு சும்மா ஒரு தடவை போட்டுப் பார்த்தேன்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், கன்னம் பழுத்துவிடும். தட்டுமுட்டு வியாபாரி ஒருவனுக்கு முன்பல் போனது அப்படித்தான். அதற்காகப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். அங்கே புகார் எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர், தானும் வீட்டு ரேடியோவை அப்படித்தான் செருகிப் பார்த்ததாகப் பேச்சுவாக்கில் சொல்ல, அவர் சட்டையையும் பிடித்துவிட்டார் மனுஷன்.

ஐம்பது வருஷ ரேடியோவில் முதலில் கெட்டுப்போவது கண்டென்சர்தான். காகிதத்தைச் சுருட்டி மெழுகு பூசிய சின்ன உருளை. மெழுகு உருகி, ஈரம் ஏறி, தடுக்க வேண்டிய கரண்டை ஒழுகவிடும். எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டுப் புதிது வைத்த பிறகே பிளக்கைத் தொட வேண்டும். அவசரப்பட்டால் வெடிக்கும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் இரும்புத் தட்டிலேயே கரண்ட் ஏறி, தொடுகிற கைக்காகக் காத்திருக்கும். சரி, அதைச் சொல்லித் தொலைக்கலாமே, பல்லை ஏன் உடைக்க வேண்டும்? அப்படிக் கேட்டவர்களுக்கும் அடிதான் கிடைத்தது.

மனைவி காசியாத்தி பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஷாக் அடித்துச் செத்துப்போனாள். மழையில் வீட்டு ஒயரிங் நனைந்துவிட்டது என்று குஸ்னான் எல்லோரிடமும் சொன்னார். அப்போது பன்னிரண்டு வயதாக இருந்த மகள் பாலுப்பியும் அதைத்தான் நம்பினாள். ஊரையெல்லாம் அடித்த கை அவள் மேல் ஒருநாளும் பட்டதில்லை. தலை வாரிப் பின்னிவிட்டது, காய்ச்சலில் கஞ்சி ஊட்டியது எல்லாம் அதே கைதான். நிக்காஹ் நடத்திவைக்கும் காஜி முன்னால் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, "என் மகளை உனக்குக் கொடுத்தேன்" என்று சொல்லும் அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் உயிரோடு இருக்கிறேன் என்பார். கேட்டுக் கேட்டுச் சந்தைக்கே காது புளித்துப்போயிருந்தது.

நல்ல இடமாகவே அமைந்தது. பையன் டானாங். அப்பா சுமார்யோவுக்குப் பக்கத்தில் பத்து என்ற மலையூரில் ஆப்பிள் தோட்டம். அவர்கள் வந்து பெண் கேட்டுப் போனார்கள். பதிலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குஸ்னான் பட்டிக் சட்டை போட்டுக்கொண்டு, வாழைத்தாரும் வெல்லம் போட்ட ஒட்டரிசிப் பலகாரமுமாக மகளோடு அங்கே போனார். சுமார்யோ சிரித்த முகக்காரர். சம்பந்தியைக் குளிர வைக்க வேண்டுமென்று, அப்பா காலத்து ரேடியோவைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து நடுக்கூடத்தில் வைத்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர், ஈரம்கூடத் துடைக்காமல் பிளக்கை எடுத்தார்.

குஸ்னான் எழுந்தே விட்டார். "வேணாம் சம்பந்தி. போடாதீங்க."

"அட, உக்காருங்க. எங்கப்பா போனப்பக்கூட இது பாடிட்டுதான் இருந்துச்சு" என்றபடி சுமார்யோ செருகினார்.

உள்ளே உறுமல் கிளம்பியது. பட்டென்று ஏதோ வெடித்து, பின்பக்கத்திலிருந்து புகை வந்தது. பதறிப்போன சுமார்யோ அதை அணைக்கக் கை நீட்டினார். திருகும் குமிழ் எப்போதோ உதிர்ந்து, உள்ளே இருக்கும் தட்டோடு சேர்ந்த வெறும் இரும்புத் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. செருப்பில்லாத கால், சிமென்ட் தரை, ஈரக் கை. அந்தக் கை தண்டைத் தொடுவதற்குள் குஸ்னானின் முஷ்டி அவர் தாடையில் இறங்கியது. தட்டுகளோடு மேஜை கவிழ, சுமார்யோ பலகாரத்தின் மேல் விழுந்தார். வாயிலிருந்து ரத்தம் கொட்டியது. குஸ்னான் அதோடு விடவில்லை. பிளக்கைப் பிடுங்கி எறிந்து, நாற்காலியைத் தூக்கி ரேடியோவின் மேல் போட்டார். மரம் பிளந்து வால்வுகள் நொறுங்கிய பிறகும் அடித்துக்கொண்டே இருந்தார்.

டானாங் பாய்ந்து அவர் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். மூக்கில் ஒன்று, விலாவில் இரண்டு. வாழ்க்கையில் முதல் தடவையாகக் குஸ்னான் திருப்பி அடிக்கவில்லை. பாலுப்பி கையில் பிடித்த தட்டோடு மரம்போல் நின்றாள்.

டானாங்கின் அம்மாதான் மகனை இழுத்து விலக்கினாள். கத்தவில்லை அந்தம்மா. இந்த வீட்டில் யாரும் யாரையும் கை நீட்டியதில்லை, காரணம் தெரியாமல் இந்தப் பெண்ணை எடுக்க முடியாது என்று நிதானமாகச் சொன்னாள். "எதுக்கு அடிச்சீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

கோபத்தில் புத்தி கெட்டுவிட்டது என்று சொல்லிக் காலில் விழலாம். விழுந்தால் சம்பந்தம் முறிந்துவிடும், கோபக்காரன் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? குஸ்னான் மகளைப் பார்த்தார். மூக்கு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"அதைத் தொட்டிருந்தா செத்திருப்பார். என் பொண்டாட்டி அப்படித்தான் செத்தா. எங்க வீட்டு ஒயர்ல ஒண்ணும் கோளாறில்ல. அவ தொட்ட ரேடியோ நான் ரிப்பேர் பண்ணது. பதினாலு கண்டென்சர் மாத்தினேன். ஒண்ணை விட்டுட்டேன்."

கரண்டு ஒயருக்கும் இரும்புத் தட்டுக்கும் நடுவில் இருக்கும் ஒன்று அது. அது இல்லாமலே ரேடியோ பாடும். கீறலில்லாமல் அழகாக இருந்தது, மீட்டரும் நல்லதென்றே காட்டியது. பழைய பொருள் ஒன்றாவது இருக்கட்டுமே என்று ஆசைப்பட்டு விட்டுவைத்தார். இரும்பில் கரண்ட் ஏறிவிட்டது. அரிசி களைந்த கையோடு காசியாத்தி சத்தத்தைக் கூட்ட வந்தாள். "குமிழ் மாட்டித் தரேன்னு ஒரு மாசமா சொல்லிட்டே இருந்தேன்" என்றார் குஸ்னான்.

வாயில் துண்டை அழுத்திக்கொண்டு கேட்டிருந்த சுமார்யோ எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்தார். உயிரைக் காப்பாற்றியவரோடு சண்டை என்ன, கல்யாணம் நடக்கும் என்றார். டானாங் தலையைக் குனிந்துகொண்டான். குஸ்னானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பாலுப்பி தட்டைக் கீழே வைத்தாள். நேராக வந்து அப்பாவின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். மறுகன்னத்திலும் விட்டாள். தடுக்க வந்த டானாங்கைத் தள்ளிவிட்டாள்.

"என்னைக் கட்டிக் கொடுக்க உங்க கை வேணாம்பா. அந்தப் பொறுப்பைக் காஜிகிட்ட ஒப்படைச்சிடுங்க. அவர் கொடுக்கட்டும்."

எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள், சுமார்யோ கெஞ்சியே பார்த்தார். அவள் அசையவில்லை. அடுத்த மாதம் கல்யாணத்தன்று காலையில், பெண்ணைக் கொடுக்கும் உரிமையைக் காஜியிடம் ஒப்படைப்பதாகக் குஸ்னான் கையெழுத்துப் போட்டார். காஜி டானாங்கின் கையைப் பிடித்து அந்த வார்த்தையைச் சொன்னபோது, குஸ்னான் மூன்றாவது வரிசையில் விருந்தாளிகளோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.