தைக்காமல் விட்ட கிழிசல்

மாநாட்டுக்கு முந்தின நாள் காலையில் ஊசிக்காரியின் தலை சுவரில் இரண்டு முறை மோதியது. மோதவைத்தவன் அவள் புருஷன். குளிக்கிற தண்ணீர் சூடாக இல்லையாம். அடிக்கிற கைக்குக் காரணத்துக்கா பஞ்சம்? விழுந்தவளின் இடது கையைப் பிடித்து அவன் இழுத்த இழுப்பில், சட்டையின் கை தோளோடு சேருமிடத்தில் டர்ரென்று கிழிந்தது. அவன் குளிக்கப் போனான். அவள் அதே நிறத்தில் நூல் எடுத்துப் பத்து நிமிடத்தில் தைத்து, அதே சட்டையோடு வேலைக்குக் கிளம்பினாள்.

வேலை அருங்காட்சியகத்தின் துணிப் பிரிவில். இருபத்திரண்டு வருடமாகப் பழைய உடைகளுக்கு உயிர் கொடுக்கிறாள். அவள் கை பட்ட துணியில் கிழிசல் எங்கே இருந்தது என்று கிழித்தவனுக்கே தெரியாது. ஊசிக்காரி என்ற பெயர் அங்கே ஒட்டியதுதான். சொந்தப் பெயரை வருகைப் பதிவேட்டில் மட்டும் பார்க்கலாம். அந்தப் பிரிவுக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தத் துணி வந்தாலும் முதலில் பெட்டி, சீட்டு, படம், அப்புறம்தான் ஊசி. அதற்கு முன் கறையைக் கழுவினால்கூடத் தொலைந்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு இந்தச் சட்டத்தை மந்திரம் மாதிரி ஓதுகிறவளே அவள்தான். வீட்டில் மட்டும் முதலில் ஊசி. கிழிந்த துணியோடு தெருவில் நடக்க மானம் இடம் கொடுக்கவில்லை.

அந்தக் கைத்திறமைதான் அவளுக்கு எமனாக வந்தது. போன வருடம், மூச்சு விட்டால் விலாவில் குத்துகிற வலியோடு காவல் நிலையத்துக்குப் போனாள். எழுத்தர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"அடிச்சாருங்கிறீங்க, சட்டைய கிழிச்சாருங்கிறீங்க. எங்கம்மா கிழிஞ்சிருக்கு?"

"தைச்சுட்டேன் சார்."

"தைச்சுப் போட்டுக்கிட்டு வந்து புகார் குடுத்தா நான் என்னத்த எழுதுறது? ஆதாரம் வேணாமா?"

புருஷன் வந்து சிரித்த முகமாய்க் கையெழுத்துப் போட்டு அழைத்துப் போனான். அன்று அவளுடைய இடது சுண்டுவிரல் ஒடிந்தது. கல்லானாலும் கணவன் என்றார்கள் பெரியவர்கள். அந்தக் கல் தினமும் தலையில் விழுந்தால் என்ன செய்வது என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

பழைய உடைகளையும் தையலையும் பற்றி வருடா வருடம் மூன்று நாள் மாநாடு நடக்கும். அறிஞர்கள் ஒரு பொத்தானுக்காக ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுவார்கள். அரங்கத்துக்கு மைக் செட் போடுகிறவன் ஊசிக்காரியின் புருஷன்தான். அங்கே அவனைப் போலத் தங்கமான மனிதன் கிடையாது.

இந்த முறை ஒரு பேராசிரியர் பேச எடுத்துக்கொண்டது இருநூறு வருடத்துப் பெண் சட்டை ஒன்றை. முந்தின நாள் அதைக் காட்சிப் பொம்மைக்கு மாட்டிவிட்டவள் ஊசிக்காரி. இடது தோளில் ஒரே இடத்தில் ஆறு முறை தைத்த தடம். ஆறும் ஒரே கை. ஏழாவது கிழிசல் மட்டும் திறந்தபடி கிடந்தது. அதில் விரலை வைத்தவள், காலையில் தைத்த தன் தோளைத் தொட்டுப் பார்த்தாள். அடுத்த கிழிசலைத் தைக்க நான் இருப்பேனா? இந்தக் கேள்வி பிறகு அவளை விடவில்லை.

மறுநாள் மேடையில் கையுறை போட்டுக்கொண்டு பொம்மையை மெல்லத் திருப்புவது அவள் வேலை. பின்னால் திரையில் தோள் பெரிதாகத் தெரிந்தது.

"இந்தம்மா இடது தோள்ல சுமை தூக்கியிருக்காங்க," என்றார் பேராசிரியர். "ஆறு தடவ கிழிஞ்சு, ஆறு தடவ தைச்சிருக்காங்க. ஏழாவத ஏன் தைக்கல? சட்டை பழசாயிடுச்சு, விட்டுட்டாங்க."

"இல்லீங்க," என்றாள் ஊசிக்காரி.

இருநூறு தலைகள் நிமிர்ந்தன.

"சுமை தூக்குனா தோள் மேல துணி தேயும். இங்க தேயவே இல்ல. பின்பக்கம் தையல் ஓட்டைங்களப் பாருங்க, எல்லாம் நீளமா இழுபட்டிருக்கு. யாரோ கையப் புடிச்சு இழுத்திருக்காங்க."

பேராசிரியர் புன்னகைத்தார். "அதுக்கு ஆதாரம் வேணாமாம்மா?"

எழுத்தர் கேட்ட அதே கேள்வி. அவளுக்கு ரத்தம் கொதித்தது. வாயைத் திறந்தாள், மைக் செத்தது. யார் அணைத்தது என்று பார்க்கவே வேண்டாம். தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஏழாவத தைக்க அவ உயிரோட இல்ல!"

புருஷன் மேடைக்கு ஓடி வந்தான். "மன்னிச்சுக்குங்க சார், இவளுக்கு உடம்பு சரியில்ல," என்று அரங்கத்துக்கு ஒரு கும்பிடு. பல்லைக் கடித்து, "வாடி வெளிய," என்று அவள் இடது கையைப் பிடித்தான். அவள் பொம்மைக்குப் பக்கத்திலிருந்த மேசையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இழுத்தான். சட்டை கிழிந்தது. ஆடின கால் நிற்குமா? எங்கே நிற்கிறோம் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. ஓங்கி அறைந்தான், மேசை விளிம்பில் அவள் புருவம் பிளந்தது. கீழே விழுந்தவளின் விலாவில் மூன்று உதை விட்டான். நான்காவதற்குக் கால் தூக்கும்போது பேராசிரியரும் இன்னும் இரண்டு பேரும் அவன்மேல் விழுந்து அமுக்கினார்கள்.

அவள் எழுந்து நின்றாள். திரையில் ஒரு தோள், அதன் கீழே ஒரு தோள். கிழிசல் அதே இடத்தில், அதே நீளத்தில். பேராசிரியர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

இயக்குநரம்மா பதறிக்கொண்டு ஊசியும் நூலுமாக ஓடி வந்தார். "தோள் தெரியுதும்மா, ரெண்டு தையல் போட்டுக்க."

"ஊசி வேணாம்மா. பெட்டி குடுங்க."

உள்ளே போய் வேலைக் கோட்டை மாட்டிக்கொண்டு, ரத்தம் சொட்டிய சட்டையை மடிக்காமல் வெள்ளைத்தாளில் கிடத்தினாள். சீட்டு எழுதினாள். பெண் சட்டை. இடது தோள், மூன்றரை அங்குலம். கிழித்தவர், என் கணவர். பார்த்தவர்கள், இருநூறு பேர். முதல் கையெழுத்தைப் பேராசிரியர் போட்டார்.

காவல் நிலையத்தில் அதே எழுத்தர். பெட்டியைத் திறந்தவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"இத தைக்கலியா?"

"தைக்க நான் உயிரோடதான் இருக்கேன் சார்," என்றாள் ஊசிக்காரி. "தைக்கல. எழுதுங்க."