இருமல் கேட்காத காலை

எழுபதுகளின் பிற்பாதியில், கோட்டையூர் வீட்டில் எங்களை 'வேறு வைத்தார்கள்'. கல்யாணமான பிள்ளைக்கு அதே வீட்டுக்குள் தனி அடுப்பு போட்டுக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கூரை ஒன்று, குழம்பு இரண்டு. எங்களுக்கு வாய்த்த சமையலறை, முன் முற்றத்தைத் தாண்டிய இரண்டாம் கட்டின் மூலையில் இருந்தது. விறகுப் புகையில் என் மனைவி இருமத் தொடங்கினால் வாசல்வரை கேட்கும். வீடே அந்தச் சத்தத்தில்தான் கண்விழித்தது. ஒருவருக்கும் அது பயமாகத் தெரியவில்லை.

"அடுப்படின்னா இருமத்தான் செய்யும்" என்பார் என் தகப்பனார், அதாவது அப்பச்சி.

புகையை நிறுத்தாவிட்டால் நெஞ்சு கெட்டுப்போகும் என்று காரைக்குடி டாக்டர் சொன்னார். கேஸ் அடுப்பு வாங்கினேன். அன்றைக்குத்தான் வீட்டில் பயம் புகுந்தது.

"வெடிகுண்டைக் கொண்டாந்து குடும்பத்துக்குள்ள வச்சிருக்கியே!" என்று அலறினார் அப்பச்சி.

நான் விளக்கப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு, வால்வு, ரெகுலேட்டர் பற்றிப் பேருரை ஆற்றினேன். பற்றவைக்கும் நேரம் மட்டும் எனக்கு வாசலில் ஏதாவது வேலை வந்துவிடும்.

அப்பச்சி தம் பங்குக்கு ஒரு ஏற்பாடு செய்தார். எதைப் பற்றிக் கவலை வந்தாலும் அதைப் பூட்டி வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். வைரத்தோடும் பூட்டுக்குள், ஊறுகாய் ஜாடியும் பூட்டுக்குள். சமையல் முடிந்ததும் சிலிண்டரைக் கழற்றச் சொல்லி, சன்னலே இல்லாத சாமான் அறையில் வைத்து, தேக்குக் கதவைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொள்வார். நன்றாக வெயில் வந்த பிறகே திறப்பார். ஆக, விடியற்காலைக் காபிக்கு மறுபடியும் விறகு, மறுபடியும் இருமல்.

மனைவியின் அண்ணன், தொழிற்சாலைகளில் விபத்து நேராமல் பார்த்துக்கொள்ளும் இஞ்சினியர், பிள்ளையார்பட்டிக்கு வந்தவர் எங்களையும் பார்க்க வந்தார். அறையைப் பெருமையாகத் திறந்து காட்டினோம். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"மாமா, கேஸ் கசிஞ்சா தரையோட தேங்கும். காத்தோட்டமா வச்சா ஒண்ணும் செய்யாது. நீங்க வெளிய போகவிடாமப் பூட்டி வச்சிருக்கீக!"

"பூட்டாம வச்சா அதுக்குப் பேரு பத்திரமாப்பா?"

"பயப்படணும்னா தங்கச்சி இருமலுக்குப் பயப்படுங்க மாமா."

"இருமல் வெடிக்குமா?"

 என் மனைவி சிலிண்டரை உருட்டிக்கொண்டு சமையலறைக்கு நடந்தாள்.

"இது இனிமே இங்கினதான் இருக்கும். இல்லைன்னா நான் அண்ணனோட ஊருக்குப் போறேன்."

கொல்லைப்பக்கக் கதவையும் அகலத் திறந்து வைத்தாள். அப்பச்சி விட்டுக்கொடுத்தார், படுக்கையை மட்டும் வாசல் பக்கம் மாற்றிக்கொண்டார்.

சில வாரங்களில் இருமல் தேய்ந்தது. ஒரு விடியற்காலை அப்பச்சி வேட்டியைப் பிடித்துக்கொண்டு, கட்டு கட்டாகத் தாண்டி, அதுவரை எட்டிப்பார்க்காத அந்தச் சமையலறைக்குள் ஓடினார். பின்னாலேயே நானும். அவள் நீலச் சுடரில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"என்ன மாமா?"

"இருமலைக் காணோமே ஆத்தா. இந்தக் குண்டு ஒன்னைய ஏதும் பண்ணிருச்சோன்னு..."

அவள் சிரித்துக்கொண்டே காபியை ஆற்றி நீட்டினாள். சிலிண்டருக்குப் பக்கத்திலேயே நின்று அவர் குடித்தார். எனக்கும் காபி வேண்டியிருந்தது. அடுப்பு அணையட்டும் என்று முற்றத்துத் தூணுக்குப் பின்னால் காத்திருந்தேன்.