ஆளைப் பார்த்த இஞ்சின்

இஞ்சினைத் திறக்கும் முன் ராபர்ட் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். பக்தி என்று சிலர் நினைக்கிறார்கள்; அல்ல. கை தவறும் நட்டுகளை மணலில் புதையவிடாமல் கால்விரல்களால் பிடித்துவிடுகிறார். பக்தி பிறகுதான் வரும். இஞ்சின் கிளம்பியதும் அதன் தலையில் இரண்டு தட்டு தட்டி, "தேங்க்ஸ் நைனா" என்பார். யாருடைய இஞ்சினானாலும் சரி.

ஏரிக்கரை மீனவக் குப்பமான தோணிரேவில் ஃபைபர் படகுகளின் இஞ்சின்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். நாற்பதைத் தாண்டியவர், ஒல்லி. யோசிக்கும்போது ஸ்பேனரால் காதோரம் சொறிவார். வீட்டை ஒட்டிய கொட்டாயில், வேலை நேரம் போக, சொந்தமாக ஒரு கார் கட்டிக்கொண்டிருக்கிறார். ஊரில் அதை 'ரேஸ் கார்' என்கிறார்கள். அது சரியல்ல. இரண்டு பேர் அமரக்கூடிய, தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார். அடிச்சட்டம் இரும்புக் குழாய். மேலுடல், படகுக்கு ஒட்டுப்போடுகிற அதே ஃபைபர். நிறம், படகுக்கு அடித்து மிஞ்சிய நீலம். இஞ்சினுக்கு இடம் முன்னால் இல்லை; இருக்கைகளுக்கும் பின் அச்சுக்கும் நடுவில்.

காரணம் கேட்டேன்.

"படகுல கனத்த எல்லாம் கடைசில வெச்சா அணியம் தூக்கிக்கும் சார். முன்னால வெச்சா அணியம் தண்ணி குடிக்கும். நடுவாண்ட வெச்சாதான் சொன்ன பேச்சு கேக்கும்." அணியம் என்பது படகின் முன்முனை.

அந்த நடு இடத்தில் இப்போது இருப்பது என் காரின் இஞ்சின். மழை வெள்ளம் மீஞ்சூரில் எங்கள் தெருவுக்குள் புகுந்தபோது என் பழைய கார் ஸ்டீயரிங் வரை மூழ்கியது. பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கேட்டேன். தண்ணீர் வடிந்து வண்டி காயட்டும், எடைக்குப் போட்டுவிடலாம் என்றார். ஆயில் மாற்ற வேண்டிய நாளை ஒருமுறைகூடத் தள்ளிப்போடாமல் நான் வைத்திருந்த கார் அது. எங்கள் வீட்டுக்கு நண்டு கொண்டுவரும் பிரின்சி, வாடிக்கையாளருக்கு ஆறுதல் சொல்வதோடு நிற்காமல், தன் கணவரை அனுப்பிவைத்தாள். அப்படித்தான் ராபர்ட்டை அறிந்தேன்.

முழங்கால் தண்ணீரில் நின்று பானெட்டைத் திறந்து பார்த்தவர், "காய வுடாதீங்க சார்" என்றார். "காத்து பட்டாதான் துரு வேகமா திங்கும். முழுவுனது முழுவுனபடியே இருக்கட்டும்."

செயின் பிளாக் போட்டு இஞ்சினைக் கியர்பாக்ஸோடு தூக்கினார். மீன் ஏற்றும் பெரிய ஐஸ் பெட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பி அதற்குள் இறக்கி, குட்டியானை வண்டியில் ஏற்றினார். ஏரியில் விழுந்த படகு இஞ்சினைப் பிரிக்கும்வரை அவர் வைத்திருப்பதும் இப்படித்தான். எங்கள் தெருக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "இன்னா மீனு, வஞ்சிரமா?" என்றார்.

"உல்லம். முள்ளு ஜாஸ்தி" என்றார் ராபர்ட், சிரிக்காமல்.

முள் எடுப்பது அவருக்கு எளிதாக இருக்கவில்லை. சேறு கழுவி, டீசல் ஊற்றி ஊறவைத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் சுற்றி இறுக்கம் எடுத்தார். அந்த நாட்களில்தான் பிரின்சி நிபந்தனை போட்டாள். அவள் நண்டு பிரிக்கும் கொட்டாயைக் கார் பிடித்துக்கொண்டதால் அவள் தலையில் துண்டு போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தாள்.

"போன இஞ்சினு ஓடல. அதுக்கு முந்தினதும் ஓடல. இதான் கடைசி. ஓடிச்சா வெச்சிக்க. ஓடலன்னா சட்டத்த வெட்டிப் போட்டுட்டு கொட்டாய என்னாண்ட குடுத்துடு."

ராபர்ட் ஒத்துக்கொண்டார். கேட்டது நியாயம் என்று என்னிடமும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், ஏரியோரத் திடலுக்குக் காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நானும் போயிருந்தேன். இஞ்சின் இருமியது, அடங்கியது, மறுபடி இருமிப் பிடித்துக்கொண்டது. என் வாசலில் காலைதோறும் கேட்ட சத்தம். எடைக்குப் போயிருக்க வேண்டியது உயிரோடு உறுமியதைக் கேட்டபோது, ராபர்ட்டின் கையைப் பிடித்துக்கொள்ள மட்டுமே என்னால் முடிந்தது. அவர் இஞ்சின் தலையில் தட்டி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, ஏறி அமர்ந்து முதல் கியர் போட்டார்.

கார் பின்னால் போனது.

பின்னால் நின்றவர்கள் சிதறினார்கள். நிறுத்தி, மறுபடி முதல் கியர். மறுபடி பின்னால். ரிவர்ஸ் போட்டார். முன்னால் ஊர்ந்தது.

கார்பரேட்டர் இருக்கும் பக்கத்தை ராபர்ட் இஞ்சினின் முகம் என்பார். படகில் அது ஓட்டுகிறவரைப் பார்த்தபடி இருக்கும். காரிலும் இஞ்சின் ஆளைப் பார்க்க வேண்டும் என்று அதைக் கியர்பாக்ஸோடு திருப்பி மாட்டியிருந்தார். சக்கரங்கள் எதிர்ப்பக்கம் சுற்றிவிட்டன.

"டேய் ராபர்ட்டு, இது காரு இல்லடா, இறாலு" என்றார் வலைக்காரர் சிங்காரம். "பின்னாலதான் துள்ளும்." சிரிப்பு அடங்கியதும் பிரின்சி பக்கம் திரும்பினார். "இன்னா பிரின்சி, நீயே சொல்லு. இது ஓடுனதா, ஓடலயா?"

"மூஞ்ச திருப்பி வெச்சா சரியாப்பூடும்" என்றார் ராபர்ட், ஸ்டீயரிங்கிடம். மனைவியின் பக்கம் அவர் பார்க்கவில்லை.

பிரின்சி காரை ஒரு சுற்று சுற்றி வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்தத் தாழ்ந்த இருக்கையில் சிரமப்பட்டு இறங்கி உட்கார்ந்தாள். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள்.

"இன்னாய்யா பாக்கற? போ. யார்னா குறுக்க வந்தா நான் சொல்றேன்."

ராபர்ட் உடனே கிளப்பவில்லை. இறங்கி அவள் பக்கம் போனார். கோயிலுக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையிலேயே கிரீஸ் கையை அழுத்தித் துடைத்துக்கொண்டார். சக்கரத்தின் பக்கம் தொங்கிய அவள் முந்தானையை எடுத்து, மடித்து, அவள் மடியில் வைத்தார்.