பேச்சிராக்

போன வாரம் கொல்லிமலையில் என் தமிழறிவுக்கு ஒரு குட்டு விழுந்தது.

பேச்சிராக்... இந்த வார்த்தையைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? குடியிருக்க ஆளே இல்லாமல் போன ஊருக்கு ரெவின்யூ ரெக்கார்டில் இதுதான் பெயர். பேச்சு இராத ஊர், அதனால் பேச்சிராக் — இப்படிச் சந்தி பிரித்து, இதே பத்தியில் ஒருமுறை அளந்தும் விட்டவன் நான். நீங்களும் நம்பினீர்கள்!

அங்கே வி.ஏ.ஓ.வாக இருக்கும் நண்பர் செல்வின் சிரித்துவிட்டார். பாரசீகச் சொல்லாம். 'பே' என்றால் இல்லாத, 'சிராக்' என்றால் விளக்கு. விளக்கில்லாத ஊர்.

மலையில் பெரக்கரை நாடு என்ற பகுதியில் ஏழே வீடுள்ள ஓர் ஊரை அப்படி எழுதிவிடலாமா என்று பார்க்கக் கிளம்பியவர், என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டார். எழுதிவிட்டால் அந்த ஊருக்குப் போட ஆரம்பித்துப் பாதியில் நிற்கிற ரோடு அப்படியே நின்றுபோகும். அங்கே மிச்சமிருப்பது பொன்னி என்ற ஒரே பெண்மணி. ஐம்பது வயதிருக்கும்.

மத்தியானம் மூன்று மணிக்கே மேகம் இறங்கி, எதிரே இருப்பது தெரியவில்லை. கிட்டே போனால், வரிசையாகப் பூட்டிய வீடுகள். ஆனால்... பூட்டிய ஒவ்வொரு கதவின் பக்கத்து மாடத்திலும் அகல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஆளில்லாத ஆறு வீட்டிலும் விளக்கு. ஏழாவது வீடு மட்டும் இருட்டு. அதிலிருந்துதான் பொன்னி வெளியே வந்தார்.

பயத்தை மறைக்க எதையாவது பேச வேண்டுமே. உங்கள் வீட்டில் மட்டும் ஏன் விளக்கில்லை என்று கேட்டேன்.

"இதுல நான் இருக்கேனுங்களே. வெளக்கு, போனவங்க ஊட்டுக்குத்தானுங்க."

திருப்பூர், கேரளா என்று பிழைக்கப் போனவர்களை வீடு மறந்துவிடக் கூடாதாம். கிளம்புகிற அன்றைக்கு விளக்கை முதல்முறை அவரவரே ஏற்றிவிட்டுப் போவார்களாம். அப்புறம் எண்ணெய் ஊற்றுவது இவர் வேலை.

செல்வின் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். ஒருத்தருக்காக ரோடு வராதுக்கா, மகன்தான் திருப்பூருக்குக் கூப்பிடுகிறானே, போய் இருங்களேன் என்றார்.

"அவனும் அதையேதானுங்க சொல்றான்" என்றார் பொன்னி. நாங்கள் கிளம்பினோம்.

வளைவில் செல்வின் பைக்கை நிறுத்தினார். ஒருத்தர் இருக்கும்வரை பேச்சிராக் என்று எழுத மனசு வரவில்லை என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். மேகத்துக்குள் மங்கலாக ஒன்று, இரண்டு, மூன்று...

இன்னொரு முறை எண்ணினேன்.

ஏழு.

ஏழு விளக்கும் எரிந்தால், அந்த ஊருக்குப் பெயர் — விளக்கில்லாத ஊர்.